சவாசனத்தில் பிரேக்

ஜூன் 2, திங்கள்

இந்த டைரியை நான் எழுதவில்லை, எழுத வைக்கப்படுகிறேன். யோகா டீச்சர் மகிழ்மதியின் உத்தரவு இது. "தினமும் என்ன சாப்பிட்டீங்க, எப்படித் தூங்குனீங்க, மனசு எப்படி இருந்துச்சு, இந்த மூணையும் ஒரு நோட்டுல எழுதணும் அண்ணாச்சி" என்றது. அதற்கு வயது இருபத்தொன்பது. என் சர்வீஸுக்கு இருபத்தேழு.

சாப்பாடு: நாலு இட்லி. பிறகு இரண்டு. தூக்கம்: படுத்தால் பிணம். மனசு: அது இவளுக்கு எதற்கு?

எழுதுவது என்று ஆனபின் முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன். பெயர் ஆவுடையப்பன். அரசு பஸ் டிரைவர், திருநெல்வேலி–பாபநாசம் ரூட். போன மாதம் சேரன்மகாதேவி தாண்டி வாய்க்கால் பாலத்துக்கிட்டே மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். வண்டி பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றது. ஐம்பத்தாறு பயணிகளில் ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. கண்டக்டர் எபனேசர் மட்டும் என்ஜின் மூடிமேல் வந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். ஓடுகிற வண்டியில் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராவிட்டால் அப்படித்தான் ஆகும்.

அதற்காக என்னை மெடிக்கலுக்கு அனுப்பினார்கள். பிரஷர் 180/110. "ஒரு மண்டலம் டைம் தரேன். மாத்திரை போடுங்க, யோகா பண்ணுங்க. ஜூலை பத்தொம்பது வரும்போது 140-க்குக் கீழ இருக்கணும். இல்லைன்னா ஸ்டியரிங்கை மறந்துடுங்க" என்றார் டாக்டர்.

ஸ்டியரிங்கை மறப்பதாம். என் கல்யாண நாளை மறந்திருக்கிறேன், சொந்த மச்சான் பெயரை மறந்திருக்கிறேன். அதை எப்படி ஐயா மறப்பது?

வகுப்பு நடப்பது பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தி ஹாலில். மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு விரிப்பு போடுகிறோம். மூச்சை ஆழமாக இழு என்றார் டீச்சர். இழுத்தேன். நேற்றைய வத்தக்குழம்பு வந்தது.

ஜூன் 3, செவ்வாய்

உடம்பில் நட்டு கழன்ற இடங்கள்: எல்லாம்.

ஜூன் 5, வியாழன்

பாம்பு மாதிரிப் படுத்துத் தலையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். "எல்லாரும் பாம்பு, இவரு மட்டும் ஆட்டை முழுங்குன மலைப்பாம்பு" என்று பக்கத்து விரிப்பிலிருந்து குரல் வந்தது. பிச்சம்மாள் அக்கா. முருகன்குறிச்சியில் மெஸ் நடத்துகிறவர். அறுபது வயது, மூட்டுவலி, வாய்வலி மட்டும் கிடையாது.

அடுத்தது மரம். ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். என் வலது கால் நிற்கும், இடது கால் நிற்காது. "ஏன் அப்படி?" என்றார் டீச்சர். இருபத்தேழு வருஷம் கிளட்ச்சை மிதித்தே தேய்ந்த கால் அம்மா, அது மரமாக நிற்காது, விறகாக வேண்டுமானால் விழும் என்றேன். விழுந்தது.

சாப்பாடு: டீச்சர் சொன்ன முளைகட்டின பயறு. அதற்குப்பின் மனிதர் சாப்பிடுவது.

எபனேசர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டானாம். பார்க்கப் போக வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும், அவன் இல்லாமல் காது நிம்மதியாக இருக்கிறது. வாய் ஓயாதவன் அவன். இரண்டு வருஷமாக மத்தியானச் சிங்கிளில், அதாவது ஒருவழி நடையில், டிக்கெட் கொடுத்து முடித்ததும் முன்னால் வந்து நின்றுகொண்டு, மாமியார் சண்டை, சர்ச்சில் பாட்டுக்காரர்கள் சண்டை, தெருநாய்ச் சண்டை என்று பாபநாசம் வரை ஒரே தொணதொணப்பு. "பதில் சொல்லும் வே, பதில் சொல்லும்" என்று தோளை வேறு தட்டுவான்.

ஜூன் 7, சனி

வகுப்பு முடிவில் சவாசனம். எங்கள் ஊரில் ஒருவனைச் சவமே என்றால் சட்டையைப் பிடிப்பான். இங்கே பத்து நிமிஷம் சவமாகக் கிடப்பதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். மற்ற ஆசனத்தில் எல்லாம் நான் கடைசி. இதில் நான்தான் முதல் என்று இறங்கினேன்.

கண் விழித்தபோது எல்லோரும் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு என்னைச் சுற்றி நிற்கிறார்கள்.

"தம்பி, எம் மெஸ் கிரைண்டர்கூட இப்பிடி ஓடாதுய்யா" என்றார் பிச்சம்மாள் அக்கா.

"தூங்கக் கூடாது அண்ணாச்சி. உடம்பு ஓயணும், ஆனா முழிப்பு இருக்கணும்" என்றார் டீச்சர். பிறகு ஒரு மாதிரிப் பார்த்துக் கேட்டார். "ஆமா, தூக்கத்துல வலது காலை மட்டும் திடீர் திடீர்னு அமுக்குறீங்களே, அது என்ன?"

"டிரைவர்லா? பிரேக் போடுதாரு!" என்றார் அக்கா. ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிரேக் அதிகம் போடாதவன் என்றுதான் டிப்போவில் எனக்குப் பெயர். கியரிலேயே வண்டியை அடக்குவேன். எதற்குக் கால் அப்படிச் செய்கிறது என்று தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

எபனேசருக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கியாயிற்று. நாளை போக வேண்டும்.

தூக்கம் பற்றி விவரமாக எழுதச் சொல்லி டீச்சர் தொல்லை. நன்றாகத் தூங்குகிறேன். நானும் என் மனைவி கோமதியும் இப்போது தனித்தனி. இரண்டு வருஷமாக அவள் ஹாலில்தான் படுக்கிறாள். டிவி பார்க்க வசதி என்று நினைக்கிறேன். காலையில் எழுந்தால் தலை கல்லாகக் கனக்கிறது. அது வயசு.

ஜூன் 11, புதன்

டிப்போவில் விசாரணை. விசாரணை ஆபீசர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "நாய் என்ன நிறம்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "கருப்பு சார்" என்றேன்.

"கண்டக்டர் ஆஸ்பத்திரியில கொடுத்த வாக்குமூலத்துல செவலைன்னு இருக்கே."

எபனேசர் நாயைப் பார்த்தானா! நான் வண்டி நின்றதும் "நாய், நாய்" என்று கத்தியது அவன் காதில் விழுந்திருக்கும். ஆபீசர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, "கருஞ்செவலை" என்று எழுதிக்கொண்டார். ரிட்டயர் ஆக நாலு மாதம் இருக்கிறவர்.

வெளியே செண்பகராஜைப் பார்த்தேன். என் பேட்ச் ஆள். என் வண்டியை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். என் சீட்டில் அவன் துண்டு கிடந்தது. "எதுக்கு வே யோகா, கீகா? போற அன்னைக்குக் காலைல ரெண்டு மாத்திரை சேத்துப் போட்டுட்டுப் போயி கையை நீட்டும். பிரஷர் பெட்டிப்பாம்பா அடங்கிரும்" என்றான்.

இன்னொன்று. விசாரணையில் யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. அன்றைக்குப் பாலத்துக்கு முன்னால் எபனேசர் விசில் அடித்தான். ஒரு விசில், நிறுத்து என்று அர்த்தம். அந்த இடத்தில் ஸ்டாப் எதுவும் கிடையாது. இறங்க ஆளும் கிடையாது. எதற்கு அடித்தான் என்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

இந்த ஊரில் ஜனங்களுக்குப் பொறுமையே இல்லாமல் போயிற்று. வண்ணாரப்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றுகொண்டிருக்கிறேன். பச்சை விழுந்த அடுத்த நிமிஷம் பின்னால் அத்தனை பேரும் ஹாரன். ஒரு ஆட்டோக்காரன் இறங்கி வந்தே விட்டான். "பெரியவரே, மூணாவது பச்சை விழுந்துட்டு!" என்கிறான். பெரியவராம். போக்கத்தவன்.

எபனேசர் வீட்டுக்கு இன்று போக முடியவில்லை. ஆப்பிள் அழுக ஆரம்பித்ததால் நாங்களே சாப்பிட்டோம்.

ஜூன் 16, திங்கள்

இன்று முகூர்த்தம். ஹாலில் பந்தி ஓடுவதால் எங்களை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கீழேயிருந்து நாதஸ்வரம், கேசரி வாசனை. இந்தப் பக்கம் "ஆசைகளைக் கவனிங்க, பின்னால போகாதீங்க" என்கிறார் டீச்சர். கவனித்தேன். முந்திரி அதிகம் போட்ட கேசரி. வகுப்பு முடிந்ததும் பின்னாலேயே போனேன். மாப்பிள்ளை வீட்டார் என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் என்று மாப்பிள்ளை வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள். பிச்சம்மாள் அக்கா எனக்கு முன்பே பந்தியில் உட்கார்ந்திருந்தார். சாம்பாரில் உப்பு குறைவு என்று சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

பிரஷர் 162/100. இறங்குகிறது! மூக்கை ஒரு பக்கம் பொத்தி மறுபக்கம் விடுவதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. நேற்று கோமதி ரசத்தில் புளி போட மறந்தபோதுகூட நான் கத்தவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் ரசம் நாறுகிறது என்று நினைத்து அழப் பார்த்தாள்.

ஜூன் 21, சனி

யோகா தினம். மண்டபத்தில் ஷாமியானா, மைக், சிறப்பு விருந்தினர். அவர் யோகா நம் முன்னோர் சொத்து என்று முக்கால் மணி நேரம் பேசினார். நாங்கள் பத்மாசனத்தில் உட்கார்ந்து கேட்டோம். காலில் ரத்த ஓட்டம் நின்று போயிற்று. பிறகு தியானம். முன்வரிசையில் வெள்ளை டி-ஷர்ட்டில் நான். பத்திரிகைக்காரர்கள் எல்லாம் என்னையே படம் எடுத்தார்களாம். நான் கவனிக்கவில்லை, தியானத்தில் இருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

பேப்பரில் என் படம்! தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கீழே "ஆழ்நிலை தியானத்தில் மூழ்கிய யோகா ஆர்வலர்." கோமதி படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு எபனேசரிடமிருந்து வாட்ஸப் செய்தி வந்தது. ஒன்றரை மாதத்தில் முதல் தடவை. அந்தப் படம், கீழே ஒரே வரி: "இந்த மூஞ்சி எனக்குத் தெரியும் வே."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜூன் 25, புதன்

எபனேசர் தெருமுனை வரை போனேன். புது ஆப்பிள். வீட்டு வாசலில் அவன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். நாலு அடி நடந்து சுவரைப் பிடித்தான். வியர்வையைத் துடைத்தான். மறுபடி நாலு அடி. இந்த நேரத்தில் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

பிரஷர் 148/94. சந்தோஷமாகப் படுத்தேன், சவாசனத்தில். எழுந்தால் டீச்சர் மட்டும் கையில் போனோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. உங்களுக்கு வர்றது வெறும் குறட்டை இல்லை. நடுவுல மூச்சு நிக்குது. இன்னைக்கு டைம் பாத்தேன். ஒரு தடவை இருபத்தெட்டு செகண்ட். அப்புறம் அடைபட்டு இழுத்துக்கிட்டு வருது, அந்த நேரத்துலதான் கால் உதறுது. இப்படி இருந்தா ராத்திரி எட்டு மணி நேரம் படுத்தாலும் அது தூக்கமே இல்லை. பகல்ல அசத்தும். கண் திறந்துகிட்டே அசத்தும். இதை யோகாவால மட்டும் சரிபண்ண முடியாது. ஆஸ்பத்திரியில டெஸ்ட் இருக்கு, மூக்குல மாட்டுற மெஷின் இருக்கு. நான் எழுதித் தரேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிற்று. "இதை டிப்போவில சொன்னா என்ன ஆகும் தெரியுமா? ஸ்டியரிங் பக்கமே விட மாட்டான். பிரஷர் இறங்குது, அதைப் பாரும்மா. யோகா சொல்லித்தர வந்தா யோகாவைச் சொல்லு. என் தூக்கத்துக்கு நீ என்ன வாட்ச்மேனா?"

அது எழுந்தது. மேஜைகளை இழுத்துப் போட ஆரம்பித்தது. நாளைக்கு முகூர்த்தம்.

ஜூலை 1, செவ்வாய்

போகவில்லை.

ஜூலை 2, புதன்

போகவில்லை. மனசு: சவம்.

ஜூலை 3, வியாழன்

டீச்சர் கோமதிக்குப் போன் செய்திருக்கிறது. கோமதி காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அந்தப் பிள்ள சொன்னது நெசந்தான். மூச்சு நிக்கும். ரெண்டு வருசமா நிக்கி. நான் டிவி பாக்கவா வெளியப் படுக்கேன்? அந்தச் சத்தத்தக்கூடத் தாங்கிருவேன். அது நிக்கும் பாருங்க, அதத்தான் தாங்க முடியல. ரெண்டு மூணு தடவ எந்திரிச்சு வந்து உங்க மூக்குக்கிட்ட கை வச்சுப் பாத்துட்டுப் போவேன்."

"எங்கிட்ட சொல்லலாம்லா?"

"சொன்னேன். 'எங்க அப்பன் குறட்டைக்கு ஓடு பேந்து விழும், இது என்ன'ன்னு சொன்னிய."

சொல்லியிருப்பேன். ஹார்லிக்ஸ் பாட்டில் பாதி காலியாக இருந்தது. கேட்டதற்கு, "நீங்க கொண்டு போகவா போறியன்னு நாந்தான் குடிக்கேன்" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். எபனேசர் வீட்டுக்கு. கையில் வாழைப்பழம் மட்டும். அது அழுகுமுன் கொடுத்தாக வேண்டும்.

அவன் சர்ச்சுக்குப் போக முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து ஜெபப் புத்தகம் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் மூடினான். "வாரும் வே, யோகா ஆர்வலர்! ரெண்டு மாசமாவா வே பாபநாசத்துலேர்ந்து வாரீரு? வண்டி எங்கயும் பிரேக்டவுனா?"

சிரிக்க வரவில்லை. கால் எப்படி இருக்கிறது என்றேன். கம்பி வைத்திருக்கிறார்கள், ஒன்றரை அங்குலம் குட்டை, இனி ஓடுகிற வண்டியில் நிற்க முடியாது, கவுண்டரில் போடுவார்கள் என்று ஊர்க்கதை மாதிரிச் சொன்னான். பிறகு அவன் மனைவி காப்பி வைக்க உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"நாய் கருப்புன்னு சொல்லிருக்கீரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? நான் செவலைன்னுட்டேன்."

"நீ ஏன்டே நாயைப் பாத்தேன்னு சொன்ன?"

"நீரு நாய்னு கத்துனீரு. சரி, நாயி இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னேன். இருபத்தேழு வருச சர்வீஸ்லா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். இரண்டு மாதமாக எனக்குள் இருந்த கேள்வி அதுதான். "விசில் எதுக்கு அடிச்ச?"

ஜெபப் புத்தகத்தைத் தள்ளி வைத்தான். "உம்ம தல சாஞ்சிச்சு. கண்ணாடில பாத்தேன். நான் கடைசி சீட்ல நிக்கேன், சந்தைக்கூட்டம், டிக்கெட் முடியல. ஒரு விசில் அடிச்சேன், நீரு அசையல. வண்டி பாலத்தப் பாத்துப் போவுது. ஊதிக்கிட்டே கூட்டத்த இடிச்சுத் தள்ளிட்டு முன்னால ஓடியாந்தேன். தோளத் தொடப் போறேன், முழிச்சுக்கிட்டீரு. பிரேக்க அமுக்குனீரு. நான் பறந்துட்டேன்."

இன்னும் கையிலேயே இருந்த வாழைப்பழத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

"ரெண்டு வருசமா மத்தியானச் சிங்கிள்ல ஒம்ம பக்கத்துல வந்து நின்னு எதுக்கு வே பேசிட்டே வந்தேன்னு நெனச்சீரு? எங்க மாமியாரு செத்து அஞ்சு வருசம் ஆச்சு. சண்டைக்கு ஆளே கெடையாது. கதை தீந்து போயி, இல்லாத சண்டையெல்லாம் உண்டாக்கிப் பேசுவேன். பதில் சொல்லும், பதில் சொல்லும்னு தட்டுவேன். அன்னைக்குக் கூட்டம். பேச வர முடியல. அவ்வளவுதான்."

காப்பி வந்தது. குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. அவன் காலைப் பிடித்தேன். "ச்சீ, விடும் வே, அது ஒடைஞ்ச கால், வலிக்கி" என்றான்.

ஜூலை 7, திங்கள்

வகுப்புக்குப் போனேன். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுப் பழக்கமில்லாததால் திட்டுவது மாதிரி வந்தது. அது புரிந்துகொண்டு தலையாட்டியது. பிச்சம்மாள் அக்கா, "கிரைண்டர் வந்துட்டு" என்றார்.

சவாசனத்தில் இன்று தூங்கவில்லை. கண்ணை மூடினால் பாலம் வந்தது. வரட்டும் என்று விட்டேன். வந்து நின்றது. நாய் எதுவும் இல்லை. கருப்பும் இல்லை, செவலையும் இல்லை. நான் தூங்கினேன். ஐம்பத்தாறு பேரை வைத்துக்கொண்டு தூங்கினேன்.

எழுதிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

138/88! வகுப்பில் கைதட்டினார்கள். அக்கா மெஸ்ஸிலிருந்து உப்பில்லாத வடை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அதன் ருசிக்கே பிரஷர் ஏற வேண்டும். ஏறவில்லை.

செண்பகராஜ் போன். "என்ன வே, சனிக்கெழமை வாரீரா? சீக்கிரம் வந்து உம்ம வண்டிய வாங்கிக்கிடும். மத்தியான வெயில்ல சொக்குது வே, முடியல" என்றான்.

டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டு டைரிக்குள் இருக்கிறது. எடுத்தேன், வைத்தேன். இன்னும் ஏழு வருஷ சர்வீஸ் இருக்கிறது. மாத்திரையும் யோகாவும் இருந்தால் போதாதா? போதும். முன்னால் ஒரு கண்டக்டரைப் பேசச் சொன்னால் போயிற்று.

யாரை?

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. கல்யாணம் கிடையாது, கேசரி கிடையாது. ஹால் முழுக்க எங்களுக்கே.

ஜூலை 19, சனி

நாற்பத்தெட்டாவது நாள். மாத்திரை ஒன்றுதான் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார் டாக்டர். 134/86.

"பிரமாதம்! உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இல்லை" என்று பேனாவைத் திறந்தார். படிவத்தில் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போனார். கண் பார்வை, காது, சர்க்கரை. "தூக்கம்லாம் நல்லா வருதா?" தலையை நிமிர்த்தவில்லை. கை அது பாட்டுக்கு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

எனக்கு வலது கால் தானாக அமுக்கியது. செருப்பு தரையில் அடித்தது.

"நல்லா வருது சார்" என்றேன். "அதான் பிரச்சினை."

பேனா நின்றது.

"சிக்னல்ல வருது. பந்தி ஹால்ல வருது. பேப்பர்ல படம் வார அளவுக்கு வருது. சேரன்மகாதேவி பாலத்துலயும் வந்துச்சு சார். நாய் எல்லாம் ஒண்ணும் வரல."

டீச்சர் சீட்டை மேஜையில் வைத்தேன். படித்தார். பேனாவை மூடினார். "இதை எழுதிட்டா நான் கையெழுத்துப் போட முடியாது, தெரியும்ல? டெஸ்ட் எடுத்து, மெஷின் வச்சு, ஆறு மாசம் பாத்துட்டுதான் சொல்ல முடியும். அப்பவும் உறுதி இல்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு இறக்கிட்டு, இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"பேசிக்கிட்டே வந்த ஆளு இனிமே வண்டில வர மாட்டான் சார்."

அவருக்குப் புரிந்திருக்காது. வெளியே வந்து ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். டீச்சர் படித்தால் படிக்கட்டும். சத்தமாகவே அழுதேன். ஒரு அம்மா, "யாருய்யா போயிட்டா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டியது. வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 21, திங்கள்

டிப்போவில் புது வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். ஆபீசர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கருஞ்செவலைன்னு எழுதி மேல அனுப்பிட்டேனேய்யா! இப்ப அந்த நாயை நான் எங்க கொண்டு விட?"

சாயங்காலம் எபனேசர் போன். "வே, எனக்கும் மெமோ வந்துட்டு. இல்லாத நாயைப் பாத்ததுக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தான் பாருங்கள், போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. இருவருக்கும் எச்சரிக்கையோடு விடுவார்கள் என்று பேச்சு. எனக்கு பஸ் ஸ்டாண்ட் யார்டில் வேலை. ரிவர்ஸில் வரும் பஸ்களுக்கு வழி காட்டுவது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூக்கில் மாட்டுகிற மெஷின் வந்து பத்து நாள் ஆயிற்று. கண்ணாடியில் பார்த்தால் யானைக்குட்டி. முதல் நாள் காலையில் எழுந்தபோது தலை கனக்கவில்லை. ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்துவிட்டேன். பக்கத்தில் பார்த்தால் கோமதி படுத்திருக்கிறாள். வாயைத் திறந்துகொண்டு. அவளும் குறட்டை விடுவாள் என்பது எனக்கு இதுவரை தெரியாது. எழுப்பவில்லை.

எபனேசரை வகுப்புக்குக் கூட்டிப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தே செய்கிற ஆசனங்கள் அவனுக்கு. ஒரு நிமிஷம் வாயை மூடவில்லை. பிச்சம்மாள் அக்காவும் அவனும் சேர்ந்ததில் டீச்சருக்குத்தான் பிரஷர் ஏறியிருக்கும். சவாசனத்தில் ஹால் அமைதியானதும், எல்லோரும் சவமாகக் கிடக்கும்போது, திடீரென்று ஒரு விசில். நீளமாக. அத்தனை பேரும் துள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டோம்.

"கொரட்ட வாரமாதிரி இருந்துச்சு, அதான்" என்றான் எபனேசர்.

"அது நான்லா!" என்றார் பிச்சம்மாள் அக்கா.

போகும்போது விசிலை என் சட்டைப்பையில் போட்டான். "கவுண்டர்ல இதுக்கு வேல இல்ல வே. யார்டுல உமக்கு ஆவும்."

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. மண்டபத்தில் மறுபடி கேசரி.

சாப்பாடு: அதுதான். தூக்கம்: ஆறு மணி நேரம், மெஷினோடு. மனசு: எழுதுகிறேன்.

மத்தியானம் ஒன்றே முக்கால் மணி. பாபநாசம் வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம். ஏறக்குறைய எல்லா சீட்டும் நிறைந்துவிட்டது. கண்டக்டர் பின்னால் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறார். என் சீட்டில் செண்பகராஜ், ஸ்டியரிங் மேல் கை, கைமேல் தலை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும்.

கண்ணாடிக்கு நேரே போய் நின்று ஒரு விசில் அடித்தேன். நீளமாக. யார்டே திரும்பிப் பார்த்தது. அவன் வெடுக்கென்று எழுந்து பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

"என்ன வே, மனுசன் கண்ண மூடி யோசிக்கக்கூடாதா?" என்றான்.

"நானும் அப்பிடித்தான் யோசிச்சேன்" என்றேன். "எறங்கும். வேற டிரைவரைப் போடச் சொல்லுதேன்."

முறைத்தான். திட்டினான். என் பிழைப்பை நானே கெடுத்துக்கொண்டது போதாதா, அடுத்தவன் பிழைப்பிலும் மண் போட வேண்டுமா என்றான். நான் மூக்கைப் பொத்தவில்லை, கத்தவும் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் தலை மறுபடி சாய்ந்தது. "பதில் சொல்லும் வே" என்று தோளைத் தட்டி, எபனேசரின் மாமியார் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.